பொன் மேசையில் உப்புக்கீரை

நோயுற்றோர் இல்லங்களில் யோபு நூலை நாம் பலமுறை வாசித்து ஆறுதல் கூறியிருக்கிறோம். ஆயினும் அதன் முப்பதாம் அதிகாரத்தில் ஓரிடம் நம் நெஞ்சை எப்போதும் உறுத்துகிறது. ஊராரால் துரத்தப்பட்டு, பசியால் மெலிந்து, புதரோரத்தில் உப்புத்தழை பறித்துத் தின்னும் கடையரும் தம்மை எள்ளி நகையாடுவதாக யோபு அங்கே புலம்புகிறார். நேர்மையாளரின் அப்புலம்பலிலும் ஏழையின் உணவைக் குறித்த ஏளனம் மெல்ல ஒலிக்கத்தான் செய்கிறது.

அத்தழையின் எபிரேயப் பெயர் ‘மல்லுவாக்’. உப்பைக் குறிக்கும் ‘மெலாக்’ என்னும் சொல்லோடு உறவுடையது. அது ‘அட்ரிப்ளெக்ஸ் ஹாலிமஸ்’ என்னும் புதர்ச்செடியே என்பது அறிஞர் பலரின் கருத்து. சாக்கடற்கரையிலும் நெகேபு பாலைநிலத்திலும் இன்றும் அது வளர்கிறது. நம் வீட்டு முளைக்கீரையும் தண்டுக்கீரையும் சேர்ந்த அமராந்தேசி குடும்பமே இதன் குடும்பமும் ஆகும்.

பிற செடிகளைக் கருக்கிவிடும் உவர்நிலத்தில் இது தழைப்பது எவ்வாறு? இலையின் மேற்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பைகள் உண்டு. வேர் உறிஞ்சும் உப்பின் ஒரு பகுதியை அவற்றில் செடி ஒதுக்கிவைக்கிறது. பைகள் வெடித்து உலரும்போது இலைமீது வெண்படலம் படிகிறது. இலைக்கு வெள்ளி நிறம் தந்து, கடும் வெயிலைத் திருப்பி அனுப்புவதும் அப்படலமே.

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் தியோஸ்கோரிதெஸ் ‘ஹாலிமோஸ்’ என்னும் செடியைப் பற்றி எழுதியுள்ளார். அதன் இலையை வேகவைத்து உண்பர் என்றும், வேரைத் தேன்நீரில் கலந்து கொடுத்தால் வயிற்று வலி தணியும், தாய்ப்பால் பெருகும் என்றும் அவர் குறித்தார்.

பாபிலோனியத் தால்முது வேறொரு நிகழ்ச்சியைக் கூறுகிறது. கி.மு. 103 முதல் 76 வரை யூதேயாவை ஆண்ட யன்னாய் மன்னன் போரில் வென்று திரும்பி, அறிஞர்களை விருந்துக்கு அழைத்தான். கோவிலை மீண்டும் கட்டிய நாள்களில் முன்னோர் உப்புக்கீரை உண்டதை நினைவுகூர்ந்து, அதே கீரையைப் பொன் மேசைகளில் பரிமாறச் செய்தான். ஆனால் அவ்விருந்தில் மூட்டிவிடப்பட்ட பூசல் அறிஞர்களின் படுகொலையில் முடிந்தது. முன்னோரின் வறுமைக்கு விழா எடுப்பது எளிது. அவர்தம் தாழ்மையைக் கைக்கொள்வதே அரிது.

நம் காலத்திலும் இச்செடியின் வரலாறு தொடர்ந்தது. பாலைநில மணல் எலிக்கு இதன் இலையே முக்கிய உணவு. இலைமேல் படிந்த உப்பைப் பல்லால் சுரண்டிவிட்டு அது உண்ணும். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இவ்வெலிகளுக்கு ஆய்வுக்கூடத்தின் வழக்கமான தீவனத்தைக் கொடுத்தனர். அவை கொழுத்தன, இரத்தத்தில் சர்க்கரை ஏறியது, கண்ணில் புரை விழுந்தது. இச்செய்தி 1964இல் வெளிவந்தது. பாலையில் நலமாய் வாழும் உயிர், நிறைந்த உணவின் நடுவே நீரிழிவுக்கு ஆளாயிற்று! இச்செடிக்குச் சர்க்கரையைக் குறைக்கும் ஆற்றல் உண்டென்று 1969இல் இசுரயேல் ஆய்வாளர்கள் எழுதினர். தீவனத்தின் அளவைக் குறைத்தாலே எலிகள் பெரிதும் காக்கப்படுகின்றன என்பதும் பின்னர்த் தெரியவந்தது. ஆகவே காப்பது இலையிலுள்ள மருந்து மட்டுமன்று, எளிய உணவின் அளவும்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மூலிகையை நம்பி, மருத்துவர் தந்த மாத்திரையையும் ஊசியையும் நிறுத்திவிட்டுத் துன்புற்றோரை நாம் சந்தித்திருக்கிறோம். எலிக்குக் கிட்டிய பயன் மனிதருக்கும் அவ்வாறே கிட்டும் என்று கொள்ளலாகாது. உப்பு மிகுந்த இத்தழை இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர்க்குத் தீங்கு விளைவிக்கவும் கூடும்.

செடி நமக்கு உணர்த்தும் பாடமோ வேறு. கடையர் பறித்துத் தின்றதைக் கற்றோர் பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில் வைத்து ஆராய்ந்தனர். நம் இல்லங்களில் ‘ஏழைச் சாப்பாடு’ என்று நாம் ஒதுக்கிய கேழ்வரகையும் கீரையையும் இன்று மருத்துவரின் அறிவுரைக்குப் பின்னரே தேடி வாங்குகிறோம். அவற்றை நாள்தோறும் உண்டு வாழ்ந்தோரை நம் பந்தியில் எங்கே அமர்த்தினோம்? இவ்வினாவை நம் நெஞ்சிடமே கேட்போம்.