இறங்கு ஏலம்

எங்க ஊர்க் கோயில் புளியமர ஏலத்தில் "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று விலை ஏறித்தான் பார்த்திருக்கிறேன். மின்சார ஏலத்தில் விலை இறங்கும். குறைவாகக் கேட்பவருக்கே ஒப்பந்தம்.

காற்றாலை மின்சாரத்துக்கு அதுவரை மாநில ஒழுங்குமுறை ஆணையம்தான் விலை வைத்தது. தமிழ்நாட்டில் யூனிட்டுக்கு 4.16 ரூபாய். முப்பந்தல் காற்றாலைகள் பெருகியதெல்லாம் ஏலத்துக்கு முந்தைய அந்தக் காலத்தில்தான். 2017 பிப்ரவரியில் மத்திய அரசின் முதல் காற்றாலை ஏலம் 3.46 ரூபாயில் முடிந்தது. டிசம்பரில் குஜராத்தில் 2.43.

அப்புறம் பழைய விலைக்கு எந்த மின்வாரியம் வாங்கும்? புது ஒப்பந்தங்கள் தேங்கின. ஏலம் எடுத்தவர்கள் ஆலையை நிறுவி முடிக்கவோ மாதக்கணக்கில் ஆகும். 2016-17இல் சுமார் 5,500 மெகாவாட் நிறுவிய இந்தியா, அடுத்த ஆண்டு 2,000ஐக்கூடத் தொடவில்லை.

விலை குறைந்ததைக் கொண்டாடிய நாம, புதுசா எத்தனை காற்றாடி சுத்துதுன்னு எண்ணிப் பார்க்கவில்லை.