பொருளியல் படிக்கும் பிள்ளைக்கு இணையத்தில் எதைக் காட்டுவது?

பிரித்தானியாவில் ஏ லெவலுக்குப் பொருளியல் எடுத்த பிள்ளையை நம்மவர் உடனே ரியூசனுக்கு அனுப்பிவிடுகிறோம். அதற்குமுன் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதை ஒருமுறை பாருங்கள். நல்லவை சிலதான். அவை போதும்.

முதலில் பரீட்சைச் சபையின் தளம். ஏகியூஏ, எடெக்ஸெல், ஓசிஆர் ஆகியவற்றில் பள்ளிக்கூடம் எதைப் பின்பற்றுகிறது என்று பிள்ளையிடம் கேளுங்கள். அந்தச் சபையின் கடந்தகால வினாத்தாள், புள்ளித்திட்டம், பரீட்சகர் அறிக்கை மூன்றையும் தரவிறக்கலாம். பரீட்சகர் அறிக்கையைப் பிள்ளைகள் தொடுவதே இல்லை. புள்ளி எங்கே போகிறது என்பது அதில்தான் இருக்கிறது. வரைபடத்தைக் கீறிவிட்டு விடையில் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதாமல் விடுவது நான் அடிக்கடி காணும் பிழை.

பாடநூல் வேண்டுமென்றால் கோர் எக்கொன் அமைப்பின் 'த எக்கொனமி' முழுவதும் இலவசம். பல்கலைக்கழக முதலாம் ஆண்டுக்கானது என்பதால் வேண்டிய அத்தியாயத்தை மட்டும் எடுத்துப் படிக்கவேண்டும். காணொளிக்குக் கான் அக்கடமி இருக்கிறது, ஆனால் அது அமெரிக்கப் பாடத்திட்டத்தை ஒட்டியது. மார்ஜினல் ரெவலூஷன் யூனிவர்சிட்டியை நடத்தும் டைலர் கோவன், அலெக்ஸ் டபரொக் இருவரும் சந்தையின் பக்கம் சாய்ந்தவர்கள். விளக்கம் நன்று, சாய்வைப் பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்.

கணக்காளன் என்பதாலோ என்னவோ, காணொளியைவிட எண்களிலேயே எனக்கு நம்பிக்கை. இங்கிலாந்து வங்கியின் தளத்தில் பணவீக்கக் கணிப்பான் ஒன்று உண்டு. 1209ஆம் ஆண்டிலிருந்து பவுணின் பெறுமதி எப்படிக் கரைந்தது என்று காட்டும். 2022 ஒக்டோபரில் இங்கே பணவீக்கம் 11.1 வீதம் ஆனபோது என் மகளின் வகுப்பில் அதுவே பேச்சு. அதற்கு முந்தைய மாதம் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி இலங்கையில் 69.8 வீதம் என்று காட்டினேன். நம்பவில்லை. யாழ்ப்பாணத்திலுள்ள மாமிக்குத் தொலைபேசி எடுத்து அரிசி, மண்ணெண்ணெய் விலை கேட்டாள். அரை மணித்தியாலம் பேசினார்கள். பாடம் அன்றுதான் பிடிபட்டது.

இலங்கை மத்திய வங்கியின் ஆண்டறிக்கைகள் தமிழிலும் ஆங்கிலத்திலும் அதன் தளத்தில் உண்டு. ஒரே பக்கத்தை இரு மொழியிலும் அருகருகே திறந்தால் கலைச்சொற்கள் தாமாகவே புரியும். தமிழில் உயர்தர வணிகம் படித்த பெற்றோருக்கு இதைவிட நல்ல அகராதி இல்லை. மக்கள் வங்கி வெளியிட்ட 'பொருளியல் நோக்கு' சஞ்சிகையின் பழைய இதழ்களை நூலகம் தளத்தில் வாசிக்கலாம். தமிழ்நாட்டு 11ஆம், 12ஆம் வகுப்புப் பொருளியல் நூல்களும் இலவசமே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நாம் 'கேள்வி, நிரம்பல்' என்று படித்ததை அவர்கள் 'தேவை, அளிப்பு' என்பார்கள். நமது 'அமையச் செலவு' அங்கே 'வாய்ப்புச் செலவு'.

மகள் 'ஒப்பர்ச்சுனிட்டி கொஸ்ட்' என்று சொல்லி உதவி கேட்டபோது, எனக்குத் தெரியாத ஏதோ புதுப்பாடம் என்று நினைத்து ஆறு மாதம் ஒதுங்கியிருந்தேன். அது நான் ஊரில் பதினேழு வயதில் படித்த அமையச் செலவுதான். இப்போது ஞாயிறு மாலையில் ஒரு வினாத்தாளை இருவருமாகச் செய்கிறோம். அவள் ஆங்கிலத்தில் எழுதுகிறாள், நான் தமிழில் கேள்வி கேட்கிறேன்.