தொட்டில் கணக்கு

தர்ம ஸ்தாபனத்தை எதைக் கொண்டு அளப்பது? கட்டடத்தையா, நன்கொடைப் பட்டியலையா?

தர்மபுரி மாவட்டத்தில், சித்தேரி, கல்வராயன் மலைகளின் நடுவே இருக்கிறது சிட்லிங்கிப் பள்ளத்தாக்கு. 1993-ல் ரெஜி ஜார்ஜ், லலிதா என்ற டாக்டர் தம்பதி அங்கே ஒரு குடிசையில் வைத்தியம் ஆரம்பித்தார்கள். அந்நாளில் அங்கு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 147 ஓராண்டு நிறையுமுன் மடிந்தன. மலைவாழ் பெண்களையே பழக்கித் தாதிகளாக்கினார்கள். எண் 20-ஐ ஒட்டி இறங்கியது.

“காலம் மாறியது, அவ்வளவுதானே?” என்பீர்கள். நியாயமான கேள்வி. நாடு முழுவதும் 1993-ல் 74 ஆக இருந்த எண், 2020-ல் 28 ஆயிற்று. நாட்டில் பாதிக்கும் கீழே. பள்ளத்தாக்கிலோ ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு.

காலத்தின் பங்கைக் கழித்து மிஞ்சும் தொட்டில்களே ஸ்தாபனத்தின் கணக்கு.