நாய்க்குட்டியின் கால் வளைகிறதா? அந்தமான் வெயில் ஏன் உதவாது, கால்சியம் டானிக் எப்போது ஆபத்து?

மூன்று மாத லேப்ரடார் குட்டி. முன்னங்கால்கள் லேசாக வெளிப்பக்கம் வளைந்த மாதிரி இருக்கு. பக்கத்து வீட்டில் கேட்டால் பதில் தயார்: "காலை வெயில்ல கட்டுங்க, கால்சியம் டானிக் ஊத்துங்க, சரியாயிடும்." போர்ட் பிளேரில் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) வெயிலுக்கா பஞ்சம்? டானிக்கும் எந்த மருந்துக்கடையிலும் கிடைக்கும். ஆனால் இந்த இரண்டு யோசனைகளில் ஒன்றால் பலனில்லை. மற்றொன்று சில குட்டிகளுக்குக் கெடுதல்.

வெயில் ஏன் உதவாது?

நம் தோலில் வெயில் பட்டால் வைட்டமின் டி உருவாகும். நாய்க்கு அப்படி இல்லை. அதற்குத் தேவையான மூலப்பொருள் நாயின் தோலில் மிகக் குறைவு. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகக் கால்நடை ஆய்வாளர்கள் 1980களில் இதைச் சோதித்தார்கள். வைட்டமின் டி இல்லாத உணவு தின்ற குட்டிகளுக்குப் புற ஊதா ஒளி காட்டியும் ரிக்கெட்ஸ் நோயைத் தடுக்க முடியவில்லை. நாய்க்கு வைட்டமின் டி சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். மீன், ஈரல், முட்டை மஞ்சள்கரு ஆகியவற்றில் அது இருக்கிறது. ஆகவே தினமும் மீன் தின்னும் தீவுக் குட்டிக்குப் பொதுவாக வைட்டமின் டி பஞ்சம் வராது.

அப்போ மீன் சோறு போதாதா?

சிக்கலே இங்கேதான். முள் குத்திவிடும் என்ற அக்கறையில் சதையை மட்டும் எடுத்து சோற்றில் பிசைந்து வைக்கிறோம். 100 கிராம் சூரை மீன் சதையில் பாஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருக்கும். கால்சியம் 20 மில்லிகிராம்கூடத் தேறாது. வளரும் குட்டிக்கோ கால்சியம் பாஸ்பரசுக்குச் சமமாக, அல்லது கொஞ்சம் கூடுதலாக வேண்டும். கோழிக்கறி சோறும் இதே கதைதான்.

ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் உடம்பு சும்மா இருக்காது. பாராதைராய்டு சுரப்பி எலும்பிலிருந்து கால்சியத்தை உருவி ரத்தத்துக்குக் கொடுக்கும். வெளியே குட்டி கொழுகொழுவென்று இருக்கும். உள்ளே எலும்பு மெலிந்துகொண்டே போகும். முதலில் நடக்கத் தயங்கும், தூக்கினால் கத்தும். பிறகு கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறியலாம். பிறக்கும்போது அரை கிலோ எடைகூட இல்லாத லேப்ரடார், ஆறு மாதத்தில் 20 கிலோவைத் தொடும். அந்த பாரம் மொத்தமும் இந்தக் கால்களின் மேல்தான்.

பால் கொடுத்து ஈடுகட்டலாமே என்று கேட்கலாம். 1,000 கலோரி உணவுக்குக் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும். 100 மில்லி பாலில் இருப்பது சுமார் 120 மில்லிகிராம். கணக்குப் போட்டால் தினமும் இரண்டரை லிட்டர் பால்! பால் பவுடர் கரைத்துக் காபி போடும் வீடுகளில் இது நடக்கிற காரியமா? நடந்தாலும் குட்டிக்கு வயிற்றுப்போக்குதான் மிஞ்சும்.

இதைவிட நல்ல வழி, நெத்திலி மாதிரி சின்ன மீனைக் குக்கரில் முள் கையால் நசுங்கும்வரை வேகவைத்து முழுசாக மசித்துக் கொடுப்பது. கருவாடு வேண்டாம், உப்பு அதிகம். முட்டை ஓட்டுப் பொடியும் நல்ல கால்சியம்தான். ஒரு டீஸ்பூனில் கிட்டத்தட்ட 2 கிராம் இருக்கும் என்பதால் அளவை டாக்டர் சொல்லட்டும்.

இடையில் ஒரு விஷயம். 1858-ல் ஆங்கிலேயர் கைதிகளோடு வந்து இறங்கும்வரை அந்தமான் பழங்குடிகளிடம் நாயே இருந்ததில்லை. வந்த பிறகு பன்றி வேட்டைக்கு அதைப் பழக்கிக்கொண்டார்கள். இன்று மீன் மார்க்கெட் பக்கம் சுற்றும் நாட்டுக் குட்டி தலையும் முள்ளுமாகத் தின்று, நடுத்தர உடம்போடு நிதானமாக வளர்கிறது. எலும்புக் கவலை அதிகம் தேவைப்படுவது வேகமாக எடை ஏறும் லேப்ரடார், ஷெப்பர்ட் குட்டிகளுக்குத்தான்.

டானிக் எப்போது ஆபத்து?

'வளரும் குட்டிக்கு' என்று அச்சிட்ட முழுமையான பாக்கெட் உணவு தருகிறீர்கள் என்றால் கால்சியம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. அதற்கு மேல் டானிக் ஊற்றினால் கெடுதல். வளர்ந்த நாயின் குடல் தேவைக்கு மேல் வரும் கால்சியத்தை ஓரளவு தடுத்துவிடும். சின்னக் குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வந்திருக்காது. கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிக கால்சியம் கொடுத்த ஆய்வுகளில் மூட்டுக் குருத்தெலும்பு கெட்டது, முன்னங்கால் வளைந்தது. எந்தப் பயத்தில் டானிக் வாங்கினோமோ, அதே வளைவு!

வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கிய 60,000 யூனிட் வைட்டமின் டி பாக்கெட்டைக் குட்டியின் கண்ணில்கூடக் காட்டாதீர்கள். சின்னக் குட்டிக்கு அது ஒன்றே விஷமாகலாம், சிறுநீரகம் பாதிக்கப்படும்.

எந்த வளைவு காத்திருக்காது?

பெரிய இனக் குட்டிகளுக்கு மணிக்கட்டு புடைத்துத் தெரிவது பெரும்பாலும் இயல்பு. வலியில்லாமல் ஓடி ஆடினால் பதற வேண்டாம். வழுக்கும் டைல்ஸ் தரையில் வளரும் குட்டிக்கு மணிக்கட்டு தொய்ந்து பாதம் தட்டையாகலாம். மேட் விரித்து, சாப்பாட்டைச் சீர்செய்தால் சில வாரங்களில் பெரும்பாலும் நிமிர்ந்துவிடும்.

ஒரே ஒரு கால் மட்டும் வளைந்தால் கதை வேறு. முன்னங்காலில் ரேடியஸ், அல்னா என்று இரண்டு எலும்புகள் ஜோடியாக வளர்கின்றன. படியிலிருந்து விழுந்தோ வண்டி இடித்தோ அல்னாவின் கீழ்நுனியில் உள்ள வளர்ச்சித் தட்டு நசுங்கினால் அந்த எலும்பு நின்றுவிடும்; ரேடியஸ் மட்டும் வளர்ந்து வில்லாக வளையும். விழுந்த அன்று ஒன்றும் தெரியாது, சில வாரம் கழித்துத்தான் பாதம் வெளிப்பக்கம் திரும்பும். உணவோ மருந்தோ இதை நிமிர்த்தாது, அறுவை சிகிச்சைதான் வழி. அதுவும் வளர்ச்சி மிச்சமிருக்கும்போதே செய்தால் பலன் அதிகம். சின்ன இனங்களுக்கு அந்த வளர்ச்சி எட்டு மாதத்துக்குள், பெரிய இனங்களுக்கு ஒன்று ஒன்றரை வயதுக்குள் முடிந்துவிடும். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி வரை போக வேண்டியிருந்தால் கப்பலில் மூன்று நாள் ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

டாக்டரிடம் போகும்போது குட்டி நடப்பதை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் பயத்தில் பல குட்டிகள் நொண்டுவதையே மறைத்துவிடும். ஒரு வாரமாக என்னென்ன சாப்பாடு, எந்த டானிக், எத்தனை மில்லி என்று எழுதிக் கொண்டுபோங்கள். ஹட்பே, கார் நிக்கோபாரிலிருந்து கப்பல் ஏற வேண்டியவர்கள், அந்த வீடியோவை முதலில் உள்ளூர்க் கால்நடை மருத்துவரிடம் காட்டி, எக்ஸ்ரே உடனே வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளலாம்.