ஆவாரையும் பாலாற்றுத் தோலும்

கடுக்காயை ஒரு முறையேனும் கடித்தவர்க்கு அச்சுவை மறவாது. நாவும் கன்னத்தின் உட்புறமும் சுருங்கி இழுக்கும். அத்துவர்ப்பைத் தருவது டானின் என்னும் பொருள். எச்சிலிலுள்ள புரதத்தை அது பற்றிக்கொள்வதால் வாய் வறள்கிறது. ஆட்டுத் தோலின் புரதத்தை அதே பொருள் பற்றினால் தோல் அழுகாமல் பதப்படுகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் செல்வமெல்லாம் இவ்வினையின் மேல் எழுந்ததே.

பிரான்சு நாட்டின் தென்மேற்கே, பிரனீசு மலைத்தொடருக்கு வடக்கேயுள்ள குன்றுகளில் மதிரான் என்றொரு வட்டாரம் உண்டு. அங்கே விளையும் கருந்திராட்சையின் தோலில் டானின் மிகுதி. களிமண்ணும் சுண்ணாம்பு மண்ணும் கலந்த சரிவுகளும், இலையுதிர் காலத்தில் மலையிலிருந்து இறங்கும் வெப்பக் காற்றும் அதனைக் கனியச் செய்கின்றன. அத்திராட்சையின் செந்நிற மதுவுக்கு 1948இல் அந்நாட்டார் ஊர்ப்பெயரையே சட்டவுரிமையாக்கினர். மதுவைப் புகழ்வது என் நோக்கமன்று. மண்ணின் குணம் பண்டத்தில் இறங்குவதற்கு அது நல்ல சான்று.

அத்தகைய சான்று நம் வாயிற்படியிலும் உண்டு. சவ்வாது மலைக்கும் பாலாற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைப் பாருங்கள். செம்மண், சரளை, பாறை. ஆண்டின் பெரும்பகுதி வெயில். பிற பயிர் தயங்கும் அந்நிலத்தில் ஆவாரை தானே முளைத்து மஞ்சளாய்ப் பூக்கும். ஆடும் மாடும் அதனை எளிதில் தீண்டா. துவர்ப்பே அதற்கு வேலி. கிராமத்தார் கொம்புகளை வெட்டி, பட்டை உரித்து, உலர்த்தி விற்றனர். மைசூர்ப் பகுதியிலிருந்தும் பட்டை வந்தது.

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிர்நிறமும் மென்மையும் உறுதியும் உடையது. ஆனால் ஒரு குறை: வெயில் பட்டால் சிவந்துவிடும். அக்குறையைத் தீர்த்தது கடுக்காய். பட்டைக் குழியில் வாரக்கணக்கில் ஊறிய தோலை இறுதியில் கடுக்காய் நீரில் தோய்த்தால் நிறம் நிற்கும். அதுவும் இம்மலைகளில் விளைவதே. நோயும் மருந்தும் ஒரே வட்டாரத்தில் கிடைத்த இவ்வியப்பை நான் வகுப்பில் பலமுறை எடுத்துரைத்ததுண்டு.

இராயபுரத்திலிருந்து வாலாசா சாலைக்கு 1856இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. சென்னைத் துறைமுகம் அருகாயிற்று. அங்கிருந்து இலண்டன் சென்ற தோலுக்கு வணிகர் இட்ட பெயர் கிழக்கிந்தியத் தோல். முதல் உலகப்போரில் படைவீரர்தம் காலணிக்கு அது பெரிதும் வேண்டப்பட்டது. அரசே கொள்முதலை மேற்கொண்டது.

தேவை பெருகிற்று, பட்டை போதவில்லை. தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது; பின்னர் நீலகிரியிலும் அம்மரம் வளர்க்கப்பட்டது. குரோமிய உப்போ வாரக்கணக்கான வேலையை ஓரிரு நாளில் முடித்தது. மண்ணின் துவர்ப்பைத் தொழில் மெல்லக் கைவிட்டது.

விலை கொடுத்தது பாலாறு. கழிவுநீரால் தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் முழுவதுமோ பகுதியோ பாழானதென்ற ஆய்வு முடிவை, வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் 1996 ஆகஸ்டு 28இல் அளித்த தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டிற்று. பழியனைத்தையும் குரோமியத்தின் மேல் சுமத்துவது நேர்மையாகாது. ஆவாரை நாளிலும் உப்பும் சுண்ணாம்பும் ஆற்றுக்கே சென்றன. தொழில் சிறிதாயிருந்தமையால் ஆறு பொறுத்துக்கொண்டது.

மதிரான் மதுவுக்குக் கிடைத்ததைப் போன்ற பெயருரிமைக்கு நம் நாட்டிலும் 1999இல் புவிசார் குறியீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ்க் கிழக்கிந்தியத் தோலும் தமிழ்நாட்டின் பண்டமாகப் பதிவு பெற்றுள்ளது. அப்பெயருக்கு அடிப்படையான செடியோ, போகி நாளில் வேப்பிலையோடும் சிறுபீளையோடும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்தில் செருகும் காப்பாகவே இன்று நம் மாணவர் பலர்க்கும் அறிமுகம்.