சோழவரம் ரேஸும் சிலிண்டர் ஹெட்டும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கும் ஊர் உத்தனப்பள்ளி. ஒரு பக்கம் ராகியும் தக்காளியும் விளையும் நிலம், இன்னொரு பக்கம் தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். இந்தப் பக்கத்துப் பையன்கள் பலருக்கு எஞ்சின் பாகங்கள் என்பது ஷிப்டில் தினமும் கையில் எடுக்கும் சாதாரணப் பொருள். ஓசூரில் டி.வி.எஸ் 50 மொபெட்டும் அசோக் லேலண்டின் தொழிற்சாலையும் வந்தது 1980ல். டி.வி.எஸ் ரேசிங் என்ற பந்தய அணி 1982ல் தொடங்கியது. ஆனால் ரேஸுக்காக ஒரு ஹெட்டைக் கழற்றி, அரைத்து, சரி செய்து திரும்ப மாட்டும் வேலை தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் முந்தையது. அது வளர்ந்த இடம் சென்னைக்கு வடக்கே இருக்கும் சோழவரம்.

சிலிண்டர் ஹெட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். எஞ்சினை ஒரு பானை என்று வைத்துக்கொண்டால் ஹெட் அதன் மூடி. மூடிதானே என்று லேசாக நினைத்துவிட வேண்டாம்! காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழி, புகை வெளியே போகும் வழி, வால்வுகள், ஸ்பார்க் பிளக், எரிகிற அறை எல்லாமே இந்த மூடியில்தான் இருக்கின்றன. பிஸ்டன் எவ்வளவு பலமாக அடிக்கும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது இதுதான்.

சோழவரத்தில் இருந்தது இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை. போர் முடிந்து விமானங்கள் போனபின் கான்கிரீட் மட்டும் மிச்சம். 1953ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ஐம்பதுகளிலேயே அங்கே பந்தயம் நடத்த ஆரம்பித்தது. கோவை, பெங்களூர், பம்பாய், கல்கத்தா என்று எங்கெங்கோ இருந்து வண்டிகள் வந்தன. இலங்கையிலிருந்தும் வந்தார்கள். கூட்டம் ஆயிரக்கணக்கில் திரண்டது.

வண்டிகள் எங்கிருந்து கிடைத்தன என்பதுதான் சுவாரஸ்யம். வெளிநாட்டுக் கார் இறக்குமதி ஏறக்குறைய மூடப்பட்டுவிட்ட காலம் அது. சாதாரண ஆள் வாங்கக்கூடியது மூன்றே கார்கள்: கல்கத்தா பக்கம் செய்த அம்பாசடர், பம்பாயில் செய்த ஃபியட் 1100, நம்ம வண்டலூர் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. மூன்றுமே குடும்பம் ஏறிக் கோயிலுக்குப் போகிற வண்டிகள். அதைத்தான் ரேஸ் காராக மாற்ற வேண்டும்!

பந்தயங்களை சி.சி. கணக்கில் பிரிப்பார்கள். சிலிண்டரை அதிகமாகப் போர் செய்தால் வண்டி மேல் பிரிவுக்குப் போய்விடும். நல்ல கார்புரேட்டர் வேண்டுமென்றால் வெளிநாட்டிலிருந்து யாராவது பெட்டியில் கொண்டுவர வேண்டும். ஆகவே காசு குறைந்த ஆளுக்கு மிச்சமிருந்தது ஹெட் ஒன்றுதான். அதற்கு லைசென்ஸும் வேண்டாம், பெர்மிட்டும் வேண்டாம். அரமும், லேத் பட்டறையும், பொறுமையும் போதும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அம்பாசடரில் நெடுங்காலம் இருந்த 1489 சி.சி. எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி வரிசையைச் சேர்ந்தது. அதன் ஹெட்டில் எரி அறையின் வடிவத்தைப் பார்த்தால் இதயம் போல இருக்கும். அது ஹாரி வெஸ்லேக் என்ற ஆங்கிலேயரின் யோசனை. ஜாகுவாரின் புகழ்பெற்ற எக்ஸ்.கே. எஞ்சின் ஹெட்டிலும் அவர் பங்கு உண்டு. 1967 பெல்ஜியம் கிராண்ட் ப்ரீயில் டான் கர்னி ஓட்டி ஜெயித்த ஈகிள் காரின் எஞ்சின் அவருடைய நிறுவனம் செய்தது. ஆக, நம்மூரில் கல்யாண வீட்டு வாசலில் நின்ற அம்பாசடரின் தலைக்குள் ஒரு ரேஸ் எஞ்சின் மேதையின் கைவரிசை சத்தமில்லாமல் இருந்திருக்கிறது.

இருந்தும் அந்த ஹெட் ரேஸுக்கு அவ்வளவு தோதானது இல்லை. நாலு சிலிண்டருக்கு உள்ளே வரும் போர்ட் இரண்டுதான். இரண்டிரண்டு சிலிண்டர்கள் ஒரே வழியைப் பங்கு போட வேண்டும். வெளியே போகவும் மூன்றுதான். ஹெட் வார்ப்பிரும்பு, அதனால் கனமும் அதிகம். ஃபியட் 1100 எஞ்சின் 1089 சி.சி.தான் என்றாலும் ஹெட் அலுமினியம். அலுமினியத்தை அறுப்பது சுலபம், வளைத்துக் கெடுப்பதும் சுலபம்! ஒருமுறை ரேடியேட்டர் காய்ந்து எஞ்சின் சூடேறினால் ஹெட் வளைந்து கேஸ்கட் போய்விடும்.

இப்போது வேலையைப் பார்ப்போம். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். மாட்டும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு. அவசரப்பட்டால் நல்ல ஹெட்டும் வளையும். கரியைச் சுரண்டிய பிறகு நேரான இரும்பு ஸ்கேலை வைத்து, அடியில் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்ப்பார்கள். நுழைந்தால் பட்டறைக்குக் கொண்டுபோய் முகத்தைச் சமமாகச் சீவ வேண்டும்.

ரேஸ்காரர்கள் வளையாத ஹெட்டையும் சீவினார்கள். காரணம் கம்ப்ரஷன். பிற்காலத்து மாருதி 800ஐ உதாரணமாக எடுத்தால் கணக்கு எளிது. போர் 68.5 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 72, மூன்று சிலிண்டர், மொத்தம் 796 சி.சி. கம்ப்ரஷன் 8.7 என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிஞ்சும் இடம் சுமார் 34 சி.சி. ஹெட்டில் அரை மில்லிமீட்டர் சீவினால் அதில் அதிகபட்சம் 1.8 சி.சி. குறையும். கம்ப்ரஷன் 9.1 வரை ஏறும். அரை மில்லிமீட்டர்தான்... ஸ்டாப் வாட்சில் தெரியும்.

ஆனால் இதற்கு எல்லை வைத்தது பெட்ரோல். அன்றைய சாதாரண பெட்ரோலில் ஆக்டேன் குறைவு. கம்ப்ரஷனை ஏற்றினால் பெட்ரோல் நேரத்துக்கு முன்பே வெடித்து எஞ்சின் தட்ட ஆரம்பிக்கும். நாலு சுற்று தட்டினால் பிஸ்டனில் ஓட்டை விழும். மாருதி மாதிரி கேம்ஷாஃப்ட் ஹெட்டின் மேலேயே இருக்கும் எஞ்சினில் இன்னொரு தலைவலி: ஹெட்டைச் சீவினால் கேம்ஷாஃப்ட் கீழே இறங்கி, வால்வு திறக்கும் நேரம் கொஞ்சம் பின்தங்கிவிடும். அதையும் சரிக்கட்ட வேண்டும்.

அடுத்தது போர்ட். வழியைப் பெரிதாக்கினால் காற்று அதிகம் வரும் என்றுதான் முதலில் எல்லோருக்கும் தோன்றும். ஓரளவுக்கு மேல் பெரிதாக்கினால் காற்றின் வேகம் குறைந்து வண்டி கீழ் வேகத்தில் சோர்ந்துபோகும். வெஸ்லேக் போன்றவர்கள் காற்றோட்டத்தை அளந்து பார்த்து வேலை செய்தார்கள். பட்டறையில் அதற்கு இருந்தது விரல் நுனி மட்டுமே. போர்ட்டின் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக அரைத்தால் ஓட்டை. அந்த ஹெட் அவ்வளவுதான். மறுவாரம் பந்தயம் இருக்கும், இன்னொரு ஹெட் இருக்காது.

சோழவரத்தின் பொற்காலம் என்று எழுதுபவர்கள் பெரும்பாலும் மகாராஜாக்களின் கார்களைப் பற்றித்தான் எழுதுகிறார்கள். எண்பதுகளின் தொடக்கத்தில் விஜய் மல்லையா பழைய ஃபார்முலா ஒன் கார் ஒன்றை, என்சைன் நிறுவனத்தினுடையது, கொண்டுவந்து ஓட்டியதும் அடிக்கடி பேசப்படும். பார்க்க அது திருவிழாவாக இருந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதே பாதையில் ஓடிய ஃபியட்டின் ஹெட்டை ராத்திரி முழுக்க அரைத்த மெக்கானிக்கின் பெயர் எந்தக் கோப்பையிலும் பொறிக்கப்படவில்லை. வரலாறு ஓட்டுநரோடு நின்றுவிடுகிறது.

இந்தக் கணக்கை மாற்றியவர் கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன். மில் குடும்பத்துப் பிள்ளை. பம்ப், நூற்பு இயந்திரம், வார்ப்படம் என்று இரும்போடு பழகிய ஊர் கோவை. அங்கே ஒரு பாகத்தைப் பார்த்து அப்படியே செய்து தர பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. நன்றாக ஓட்டத் தெரிந்தும் காசில்லாதவன் வெளியே நிற்பதை மாற்ற, 1988ல் அவர் ஃபார்முலா மாருதியை உருவாக்கினார். ஒற்றை இருக்கை, திறந்த சக்கரங்கள், பின்னால் மாருதி 800 எஞ்சின். அந்த எஞ்சினும் உதிரிபாகமும் எந்த ஊரிலும் கிடைக்கும், ஹெட் உட்பட. ஒரு ஹெட் கெட்டால் வருஷம் முழுக்க வீணாகிற நிலைமை போனது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி என்பதால் ஓட்டுகிறவனின் திறமை வெளியே தெரிய ஆரம்பித்தது. ஃபார்முலா மாருதியில் தொடங்கிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005ல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர் ஆனார். கரிவரதன் அதைப் பார்க்கவில்லை. 1995ல் விமான விபத்தில் இறந்துபோனார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே அவர் பெயரில்தான் இருக்கிறது.

1990ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் சுமார் 3.7 கிலோமீட்டரில் தனிப் பாதை வந்தபின் சோழவரத்தின் காலம் முடிந்தது. 2000ல் ஈயம் கலந்த பெட்ரோலும் போனது. அந்த ஈயம் பழைய இரும்பு ஹெட்டுகளின் வால்வு சீட்டைத் தேயாமல் காத்துவந்தது. ஆகவே இன்று பழைய அம்பாசடரை ரேஸுக்குத் தயார் செய்பவர் கெட்டியான சீட் வளையங்களை இறக்க வேண்டியிருக்கிறது.

ஓசூரிலும் ஹெட் மாறிக்கொண்டே வந்தது. டி.வி.எஸ் 50ன் டூ ஸ்ட்ரோக் ஹெட்டில் வால்வே கிடையாது, நிஜமாகவே வெறும் மூடி. 2016ல் வந்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 200ல் ஒரே சிலிண்டருக்கு நாலு வால்வு. இப்போது அதே ஓசூர் வட்டாரத்தில் மின்சார ஸ்கூட்டர்களும் தயாராகின்றன. அவற்றில் ஹெட்டே இல்லை.

பழைய வண்டிக்கு வேலை முடிந்ததும் செய்யும் சோதனை மட்டும் மாறவில்லை. வால்வுகளை மாட்டி, பிளக்கை முடுக்கி, ஹெட்டைக் கவிழ்த்து வைத்து எரி அறையில் மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள். டீ குடித்துவிட்டு வந்து போர்ட்டுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார்கள். விரல் நனைந்தால் வால்வை மறுபடியும் கழற்றி அரைக்க வேண்டியதுதான்.