தையல் மெஷினில் படம் வரையலாமா? தேர்ச்சீலை முதல் 'ஆர்ட் குவில்ட்' வரை... முழு விளக்கம்!

தேரோட்டத்தில் தேரைச் சுற்றித் தொங்கும் கலர் துணிகளை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? சிவப்பு, மஞ்சள், பச்சை, வெள்ளை என்று துணிகளை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து உருவாக்கிய யாளி, கிளி, அன்னம், தாமரை. தூரத்தில் இருந்து பார்த்தால் பெயின்ட் மாதிரி தெரியும். கிட்டப் போனால்தான் தெரியும், அது மொத்தமும் தையல்!

இதே அடிப்படையில் உருவாகும் துணி ஓவியங்களை 'ஆர்ட் குவில்ட்' என்ற பெயரில் வெளிநாட்டு மியூசியங்களில் சுவரில் மாட்டி வைக்கிறார்கள். இதற்கு லட்சக்கணக்கில் முதலீடு தேவையா? இல்லை. உங்கள் வீட்டு மூலையில் இருக்கும் மிதி மெஷினே போதும்.

தேர்ச்சீலையில் என்னென்ன இருக்கு?

தேர்ச்சீலைக்கும் மண்டப அலங்காரத்துக்கும் தைக்கும் துணிகளில் பல வகை உண்டு. உருளை வடிவில் தொங்குவது தொம்பை. மேலே விதானமாகக் கட்டுவது அஸ்மானகிரி. வாசலைச் சுற்றி வருவது வாசமாலை. தஞ்சாவூர், கும்பகோணம் பகுதி கைவினைஞர்கள் இந்த வேலைக்குப் பேர்போனவர்கள். துணியை வெட்டி ஒட்டுத் தையல் போடும் இந்த முறைக்கு 'அப்ளிக்' என்று பெயர். இதே தொம்பையையும் அஸ்மானகிரியையும் தைக்காமல், கையால் வரைந்து செய்யும் மரபும் உண்டு. அதுதான் கருப்பூர் கலம்காரி. 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

திருக்கோகர்ணம், திருவப்பூர், நார்த்தாமலை, ஆவுடையார்கோவில் என்று தேரோட்டம் நடக்கும் ஊர்கள் நிறைந்த புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இந்தக் கலை புதிதல்ல. தைத்தவர் பெயர் மட்டும் யாருக்கும் தெரியாது!

ஆர்ட் குவில்ட் என்றால் என்ன?

குவில்ட் என்பது மூன்று அடுக்குத் துணி. மேலே டிசைன் துணி, நடுவில் பஞ்சு அடுக்கு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துத் தைத்தால் குவில்ட். நம் ஊரில் பழைய சேலைகளை அடுக்கித் தைத்து, குழந்தைக்கு விரிப்பதும் கிட்டத்தட்ட இதேதான். வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, வட கர்நாடகத்தில் சித்தி சமூகப் பெண்கள் தைக்கும் கவந்தி எல்லாம் இதே குடும்பம்.

போர்த்திக்கொள்ள அல்ல, பார்ப்பதற்காகவே தைத்தால் அது ஆர்ட் குவில்ட். 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் பழைய குவில்ட்களை ஓவியம் போலச் சுவரில் மாட்டிக் கண்காட்சி நடத்தியது. அதன் பிறகுதான் குவில்ட்டைக் கலையாகப் பார்க்கும் பழக்கம் பரவலானது.

மெஷின் எப்படி பேனாவாக மாறுகிறது?

சாதாரணத் தையலில் ஊசிக்குக் கீழே இருக்கும் பல், துணியை நேராகப் பின்னால் தள்ளும். அந்தப் பல்லை இறக்கிவிட்டால்? துணியைத் தள்ள ஆள் இல்லை. இப்போது அதை நகர்த்துவது உங்கள் கை. முன்னால், பின்னால், பக்கவாட்டில், வட்டமாக என்று எப்படி வேண்டுமானாலும் கோடு போடலாம். இதுதான் 'ஃப்ரீ மோஷன்' தையல்.

பேப்பரில் எழுதும்போது பேப்பர் அசையாது, பேனா நகரும். இங்கே தலைகீழ். பேனா அதே இடத்தில் நிற்கும், பேப்பர் நகரும். அவ்ளோதான் வித்தியாசம். ரிங் மாட்டி மெஷின் எம்ப்ராய்டரி போடும் டெய்லர்கள் செய்வதும் இதேதான்.

எப்படி ஆரம்பிப்பது?

• பல்லை இறக்குங்கள். சில மெஷின்களில் இதற்கு அடியில் திருகு இருக்கும், சிலவற்றில் குமிழ். இரண்டும் இல்லை என்றால் பல்லை மூடும் தகடு கடையில் கிடைக்கும்.

• வழக்கமான ஃபுட்டைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங் வைத்த டார்னிங் ஃபுட் மாட்டுங்கள். புதிதாகக் கற்பவர்கள் ஃபுட் இல்லாமல் தைக்க வேண்டாம். விரல் ஊசிக்கு அடியில் போய்விடும்.

• முதலில் பழைய துணியில் பழகுங்கள். ஒற்றைத் துணி என்றால் அடியில் பக்ரம் வைத்து ரிங்கில் இறுக்குங்கள். மூன்று அடுக்கு என்றால் நான்கு விரல் இடைவெளியில் பின் குத்துங்கள்.

• அடி நூலை மேலே இழுத்து வைத்த பிறகே தைக்கத் தொடங்குங்கள். ஒரே இடத்தில் மூன்று நான்கு குத்து போட்டால் முடிச்சு விழுந்துவிடும்.

• நடுவில் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். ஓரத்தில் தொடங்கினால் நடுவில் சுருக்கம் விழும்.

• கலர் துணிகளை முன்பே தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். சிவப்பு சாயம் போனால் மொத்த வேலையும் வீண்.

அடியில் நூல் கூடு கட்டுதா?

பல பேர் இந்த இடத்தில்தான் கைவிடுகிறார்கள். ஃபுட்டை இறக்கும் நெம்புகோலைக் கீழே தள்ள மறந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அது மேலே இருந்தால் மேல் நூலில் டென்ஷனே இருக்காது. பல்லை இறக்கிவிட்டதால் துணி லூசாகத்தான் தெரியும், அதனால் மறதி சகஜம்.

அடுத்த பிரச்சினை தையல் அளவு. மெஷின் வேகமாகவும் கை மெதுவாகவும் போனால் தையல் பொடிப்பொடியாக விழும். கை வேகமாகப் போனால் நீளமாக விழும், ஊசியும் உடையலாம். காலும் கையும் ஒரே தாளத்துக்கு வர வேண்டும். தினமும் அரை மணி நேரம், உங்கள் பெயரை நூலால் எழுதிப் பழகுங்கள்.

எதைத் தைப்பது?

மாதிரி தேடி இன்டர்நெட்டுக்குப் போக வேண்டாம். சித்தன்னவாசல் பக்கத்திலேயே இருக்கிறது. 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த விதான ஓவியத்தில் தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று எல்லாம் உண்டு. இலைக்கும் பூவுக்கும் அப்ளிக், தண்டுக்கும் தண்ணீர் அலைக்கும் ஃப்ரீ மோஷன் என்று பிரித்துக்கொண்டால் பொருத்தமாக இருக்கும். குளமங்கலம் அய்யனார் கோயில் குதிரை, வாடிவாசலைத் தாண்டும் காளை என்று இன்னும் எத்தனையோ இருக்கின்றன.

கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி இருக்கும்போது இது எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரே டிசைனை நூறு ஜாக்கெட்டில் போட வேண்டும் என்றால் கம்ப்யூட்டர் மெஷினோடு போட்டி போட முடியாது. அந்த வேலை கையை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் உண்மை. ஆனால், ஒரே ஒரு துணி, ஒரே ஒரு ஓவியம் என்று வரும்போது கையால் ஓட்டுபவருக்குத்தான் மதிப்பு. இரண்டாவது முறை தைத்தால் அவருக்கே அதே கோடு வராது. அதனால்தான் அது கலை.

விலை எப்படிப் போடுவது?

பெரும்பாலானவர்கள் தவறுவது இங்கேதான். துணி, நூல் செலவோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். நேரத்தைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு சுவர் ஓவியத்துக்கு 30 மணி நேரம் ஆகிறது. மணிக்கு 80 ரூபாய் என்று வைத்தாலே கூலி 2,400 ரூபாய். பொருள் செலவு 600 ரூபாய். ஆக, 3,000 ரூபாய் என்பது லாபமே இல்லாத அடக்க விலை. "ஒரு துணிக்கு இவ்ளோ ரேட்டா?" என்று கேட்பவரிடம் காட்ட, தைத்த நேரத்தை நோட்டில் எழுதி வையுங்கள். கீழ் மூலையில் உங்கள் பெயரையும் ஆண்டையும் நூலாலேயே எழுதுங்கள்.

அரசு உதவி கிடைக்குமா?

மெஷின் இல்லாத, தகுதியுள்ள பெண்களுக்கு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவச தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் உள்ளது. மாவட்ட சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

2025 ஏப்ரலில் தொடங்கப்பட்ட கலைஞர் கைவினைத் திட்டத்தில் தையல் வேலையும், துணிகளில் செய்யும் கலை வேலைப்பாடுகளும் இடம்பெற்றன. 35 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் 25 சதவிகிதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. தற்போதைய விதிமுறைகளை மாவட்ட தொழில் மையத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

கடனுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்றைக்கே பல்லை இறக்கிவிட்டு, பழைய துணியில் ஒரு தாமரை போட்டுப் பாருங்கள். முதல் தாமரை கோணலாகத்தான் வரும். பத்தாவது அப்படி வராது.